எதிர்முனையின் காது

வீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் என்னைக் கூப்பிட்டதும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஸ்பீக்கர்போன் வாங்கலாம், அண்ணா?" என்பதுதான். காதில் எதுவும் மாட்டக் கூடாது, கையில் எதுவும் பிடிக்கக் கூடாது, மேசையில் ஒன்றை வைத்துவிட்டு இயல்பாகப் பேச வேண்டும். நியாயமான ஆசைதான். சென்னை வெயிலில் எட்டு மணி நேரம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தக் காதுப் புழுக்கம் தெரியும். ஆனால் நான் திருப்பிக் கேட்பது வேறு: "ரூம்ல என்னென்ன இருக்கு, சொல்லுங்க." கட்டில் உண்டா, ஜன்னலுக்குத் திரை உண்டா, மேசைக்கு மேல் கண்ணாடியா, ஃபேன் எங்கே தொங்குகிறது? ஸ்பீக்கர் பேச்சை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் எடுப்பேன்.

என் தொழில் மைக் செட். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஆம்ப்ளிஃபயரும் பாக்ஸும் ஏற்றிக்கொண்டு போகிற வேலை. 2020-இல் கூட்டமே கூடக் கூடாது என்று ஆனபோது அது அப்படியே நின்றது. வீட்டு அறைகளில் அழைப்புகளுக்கு ஒலி சரிசெய்து தரும் வேலை அப்போது வந்தது. வந்தது தங்கியும் விட்டது. பந்தலில் கற்றதில் பாதி இங்கே உதவும், மீதியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். பந்தலில் ஆப்பரேட்டர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்கிறான். கோளாறு அவன் காதிலேயே விழும், உடனே குமிழைத் திருகிவிடுவான். வீட்டு மேசையில் பேசுகிறவருக்கோ, தன் குரல் எதிர்முனையில் எப்படிப் போய் விழுகிறது என்பது தெரியவே தெரியாது. அவருக்குக் கேட்பது எதிராளியின் குரல். அது தெளிவாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். எதிராளியும் மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்துவிடுவார். விலை கொடுத்து வாங்கிய கருவியில் ஒரு இளையராஜா பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பாட்டு நன்றாகக் கேட்டால் ஸ்பீக்கர் நல்லது, அவ்வளவுதான். அழைப்பு நன்றாகப் போக வேண்டுமென்றால் மைக் நன்றாக இருக்க வேண்டும். மைக்கைவிட, மைக் இருக்கும் இடம் நன்றாக இருக்க வேண்டும். செலவு நம்முடையது, பயன் எதிராளியின் காதுக்கு. இதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு வேலையும் சுலபம், செலவும் குறைவு.

முதலில் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் மைக்கில் நேராக விழும் குரல் 6 டெசிபெல் குறையும். எந்தக் கம்பெனிக் கருவியும் இதை மாற்ற முடியாது. சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டரில் ஏறத்தாழ 60 டெசிபெல். அரை மீட்டரில் 66, கால் மீட்டரில் 72, இரண்டு மீட்டரில் 54. இப்போது அறையில் ஃபேன் ஓடுகிறது, அதன் சத்தம் 50 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன அறையில் அது மேசையிலும் மூலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்கில் உங்கள் குரல் ஃபேனைவிட வெறும் 4 டெசிபெல் கூடுதல். கால் மீட்டரில் இருக்கும் மைக்கில் 22 டெசிபெல் கூடுதல். பைசா செலவில்லாமல், மைக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்ததற்குக் கிடைத்த லாபம் இது. "டிவி மேல கேமரா இருக்கு, அதுலயே மைக் இருக்கே, போதாதா?" என்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவேன். காதும் கையும் காலியாக இருக்கட்டும். மைக் மட்டும் வாயைவிட்டு ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது.

அடுத்தது அறை. என்னிடம் வருகிற புகார்களில் பத்துக்கு ஏழு ஒரே வாக்கியமாக இருக்கும்: "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்காம்." சத்தம் போதவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. குரல் சுவரில் பட்டு, தரையில் பட்டு, கூரையில் பட்டு, திரும்பத் திரும்ப மைக்குக்குள் போகிறது. நம் புது ஃப்ளாட்டுகள் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கின்றன. கீழே வழுவழு டைல்ஸ், சுவரில் பட்டி பார்த்து அடித்த பெயின்ட், மேலே கான்கிரீட், சுவரோடு பதித்த லேமினேட் அலமாரி. இவற்றில் ஒன்றுகூட ஒலியை விழுங்குகிற பொருள் இல்லை. பழைய வீடுகளில் மரத் தூணும் ஓட்டுக் கூரையும் திறந்த முற்றமும் இருந்தன. அங்கே சத்தம் வெளியே போக வழி இருந்தது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். கன அளவு 34 கன மீட்டர். காலியாக, கதவைச் சாத்திக் கை தட்டினால் அந்த ஒலி 60 டெசிபெல் இறங்கி அடங்க இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சரிசெய்யச் சொல்லி இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்து வருவார். தெருச் சத்தம் அடங்கிய பிறகு ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்துவார், ஒலி காதுக்கு மறையும்வரை நேரம் குறிப்பார். இன்னும் சில மெத்தைகளைப் போட்டு மறுபடி அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அறையின் கன அளவு, அதிலுள்ள பொருள்கள் விழுங்கும் ஒலி, முழக்கம் நீடிக்கும் நேரம் மூன்றுக்கும் உள்ள உறவு அப்படித்தான் பிடிபட்டது. 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அந்தக் கணக்கை வைத்துக் கட்டியது. கட்டட ஒலியியலைத் தொடங்கி வைத்தது மெத்தை என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு வீடு. அந்தப் பெண்ணுக்கு மதியம் தொடங்கி இரவு வரை வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேச்சு. காதில் புண் வந்துவிட்டதால் ஹெட்செட் போட டாக்டர் தடை. நல்ல விலையில் ஸ்பீக்கர்போன் வாங்கியும் அதே கிணற்றுப் புகார். அறையில் இரும்புக் கட்டில், அதில் மெல்லிய ஃபோம். கண்ணாடி போட்ட மேசை. ஜன்னலுக்கு மெல்லிய நைலான் திரை. கை தட்டினேன். தட்டு முடிந்த பிறகு ஒரு உலோகச் சிலிர்ப்பு சுவருக்கும் சுவருக்கும் ஓடியது. எதிரெதிராக இரண்டு வெறும் சுவர்கள் இருந்தால் இப்படித்தான் ஒலி பந்தாடும்.

பரண்மேல் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவருடைய மாமியார் கொண்டுவந்த இலவம்பஞ்சு மெத்தை இரண்டு சுருட்டி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து, அவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்சுவரில் நிமிர்த்திச் சாத்தினேன். பின்சுவர்தான் முதலில். ஏனென்றால் மைக்கின் முகம் அவரைப் பார்த்து இருக்கிறது. அவருக்குப் பின்னாலிருந்து வருவதெல்லாம் நேராக அதற்குள் போகும். கண்ணாடி மேசைக்குக் கனமான பருத்தி விரிப்பு. ஜன்னலுக்குக் கனத்த துணியில், சுவரின் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாக விழும்படி திரை. சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளித் தொங்கினால் இன்னும் நன்றாக விழுங்கும். அலமாரிக் கதவை வேலை நேரத்தில் திறந்து வைக்கச் சொன்னேன். அடுக்கிய புடவைகளும் போர்வைகளும் ஒலிக்குக் கெட்டிக்காரத்தனமான பொறி. மாமியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மெத்தையப் போயி செவுத்துல சாத்தி வச்சிருக்கீங்க? வீட்டுக்கு வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"மேல ஒரு சுங்குடிச் சேலையப் போட்டு மூடிருங்கம்மா. அலங்காரம்னு நெனச்சுக்குவாங்க."

அன்று மாலையே ஒரு சிவப்புச் சுங்குடி அதன்மேல் ஏறிவிட்டது.

அறையின் முழக்கம் அரை விநாடிக்குப் பக்கத்தில் வந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேசுகிறவரிடமிருந்து விலகிப் போகப் போக, நேரே வரும் குரல் குறையும். சுவர்களில் பட்டு வரும் குரல் குறையாது. இரண்டும் சமமாகும் ஒரு தூரம் எல்லா அறைக்கும் உண்டு. அதைத் தாண்டி வைத்த மைக்குக்கு உங்களைவிட உங்கள் அறைதான் உரக்கக் கேட்கும். காலியான அந்தப் பத்துக்குப் பன்னிரண்டில் அந்தத் தூரம் ஏறத்தாழ ஒரு சாண். முழக்கத்தை அரை விநாடிக்கு இறக்கிய பிறகு ஒரு முழத்தைத் தொடும். முழத்துக்குள் மைக் இருக்கட்டும் என்று மேலே சொன்னது இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துத்தான்.

முட்டை அட்டையை ஒட்டலாமா என்று கேட்காத ஆளே இல்லை. வேண்டாம். அதில் கனமும் இல்லை, ஆழமும் இல்லை. தூசியும் பல்லியும்தான் மிச்சம். இன்னொரு குழப்பமும் உண்டு. மெத்தையும் திரையும் அறைக்குள் பிறக்கிற ஒலியை அடக்கும்; வெளியிலிருந்து வருகிற இடியாப்பக்காரர் ஒலிபெருக்கியை அவை தடுக்காது. அதற்குக் கனமும் அடைப்பும் வேண்டும். கதவுக்குக் கீழே இருக்கிற இரண்டு விரல் இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து அடைப்பதுதான் அதில் முதல் வேலை. காற்று புகும் இடமெல்லாம் சத்தமும் புகும்.

இனி கருவிக்கு வருவோம். ஹேண்ட்ஸ்-ஃப்ரீயின் மூலச் சிக்கல் பந்தலில் எங்களை வாட்டிய அதே சிக்கல்தான். ஸ்பீக்கரிலிருந்து வருவது மைக்குக்குள் போனால் எங்கள் பாக்ஸ் ஊளையிடும். அழைப்பில் ஊளையாக இல்லாமல், எதிராளி பேசியது அவருக்கே அரை விநாடி கழித்துத் திரும்பிக் கேட்கும். நாங்கள் மைக்கையும் பாக்ஸையும் தள்ளித் தள்ளி வைத்துச் சமாளித்தோம். பொறியாளர்கள் கழித்தல் கணக்குப் போட்டார்கள். ஸ்பீக்கருக்குப் போகிற ஒலி என்னவென்று கருவிக்கு முன்பே தெரியும். அது அறையில் பட்டு மைக்குக்கு எப்படித் திரும்பி வரும் என்று ஊகித்து, மைக்கில் விழுந்ததிலிருந்து அந்த ஊகத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது உங்கள் குரல் மட்டும். ஊகத்தை நொடிக்கு நொடி அதுவே திருத்திக்கொள்ள வேண்டும். நுட்பம் அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மன் மோகன் சோந்தி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துப் போனவர். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் எதிரொலி நீக்கியைப் பற்றிய அவருடைய கட்டுரை 1967-இல் வெளிவந்தது. அப்போது பிரச்சினை நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் வந்த எதிரொலி. இன்று நம் மேசையில் இருக்கும் கைக்கடக்கமான வட்டுக்குள் ஓடுவது அதே யோசனையின் பேரப்பிள்ளை.

இந்தக் கழித்தல் எதனால் கெடும் என்று தெரிந்தால் கருவியைப் பாதி சரியாக வைத்த மாதிரி. ஸ்பீக்கரின் சத்தத்தை முழுதாக ஏற்றினால் அது கரகரக்கும். கரகரப்பு மூல ஒலியில் இல்லாதது, ஆகவே கழியாது. சத்தம் போதவில்லையென்றால் கருவியைப் பக்கத்தில் இழுங்கள், குமிழைத் தொடாதீர்கள். பேச்சின் நடுவே கருவியை நகர்த்தினால், லேப்டாப் மூடியைத் தூக்கினால், அறையைப் பற்றி அது போட்டு வைத்த ஊகம் பொய்யாகும்; மறுபடி கற்றுக்கொள்ளும்வரை எதிரொலி தலைகாட்டும். லேப்டாப்பின் மைக், தனியாக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் என்ற கூட்டணி எனக்குப் பிடிக்காதது. அந்த ஸ்பீக்கர் ஒலியைத் தாமதமாகத் தரும், தாமதமும் கூடிக் குறையும். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில், ஒரே யுஎஸ்பி வயரில் இருப்பதுதான் ஸ்பீக்கர்போன் என்ற பொருளுக்கே நியாயம். 1992-இல் பாலிகாம் நிறுவனம் கொண்டுவந்த மூன்று கால் சவுண்ட்ஸ்டேஷனை ஐடி கம்பெனிகளின் கூட்ட அறைகளில் பார்த்திருப்பீர்கள். அதன் வம்சம்தான் இப்போது மேசைக்கு வந்திருக்கிறது. தனி மைக்தான் வேண்டும் என்றால் முன்பக்கம் மட்டும் கேட்கிற கார்டியாய்டு மைக்காக வாங்கி, அதன் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கரை வையுங்கள். அந்த மைக்குக்கு முதுகுப் பக்கம் செவிடு.

மட்டமான ஸ்பீக்கர்போன்களில் ஒரு குறை தமிழர்களுக்கென்றே கூடுதலாகத் தெரியும். ஒருவர் பேசும்போது மற்றவர் பாதையை அடைத்துவிடுகிற கருவிகள் அவை. நாமோ எதிராளி பேசப் பேச "ம்... ம்...", "சரி", "அப்புறம்?" என்று சொல்லிக்கொண்டே கேட்கிறவர்கள். அப்படிச் சொல்லாவிட்டால் "லைன்ல இருக்கியா?" என்பார்கள். நம்முடைய ஒவ்வொரு "ம்"முக்கும் இந்தக் கருவி எதிராளியின் ஒரு சொல்லை வெட்டும். கடையில் சோதிக்க எளிய வழி: எதிர்முனையில் ஒருவரை ஒன்று முதல் முப்பது வரை எண்ணச் சொல்லிவிட்டு, நீங்கள் அதே நேரத்தில் ம் கொட்டிக்கொண்டே இருங்கள். எத்தனை எண் விழுங்கப்பட்டது என்று பாருங்கள்.

ப்ளூடூத்தைப் பற்றி. பாட்டுக் கேட்கும்போது தேனாக இருக்கிற ப்ளூடூத் கருவி, அழைப்பு வந்ததும் தகர டப்பாவாக மாறுவது பலருக்குப் புதிர். பாட்டுக்கு ஒரு வழிப் பாதை, பேச்சுக்கு இரு வழிப் பாதை. காருக்குள் போன் பேசுவதற்காக உருவான அந்த இரு வழிப் பாதையின் பழைய வடிவத்தில் ஒலி நொடிக்கு 8,000 மாதிரிகளாகத்தான் போகும், அதாவது பழைய தொலைபேசியின் தரம். அதற்கடுத்து வந்ததில் 16,000. கருவி, கணினி இரண்டும் புதிதாக இருந்தால் அதற்கும் மேலே போகலாம். தொலைபேசித் தரம் 3,400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஸ, ஃப போன்ற ஒலிகளின் உயிர் இருப்பதோ அதற்கு மேலே. ஈமெயில் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று எதிராளி திருப்பிக் கேட்பது அதனால்தான். வயர் இருந்தால் வயரிலேயே பேசுங்கள். மேசையில் வயர் கிடந்தால் அசிங்கம் என்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒரு வெல்க்ரோ பட்டை போட்டுக் கட்டிவிட்டு வந்துவிடுவேன்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் இப்போது எல்லாச் செயலியிலும் வந்துவிட்டன. குக்கர் விசிலையும் காக்கையையும் அவை அடக்குவதைப் பார்த்து நானே வியந்திருக்கிறேன். ஆனால் அவற்றுக்கு மனிதப் பேச்சு மட்டும்தான் சொந்தம், மற்றதெல்லாம் குப்பை. மயிலாப்பூரில் ஒரு பாட்டு மாமி, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு விடியற்காலையில் வகுப்பெடுக்கிறார். "சுருதிப் பெட்டி சத்தம் அங்க போகவே மாட்டேங்கறது. நான் சும்மா பாடற மாதிரி இருக்காம். பொட்டிய மாத்திட்டேன், கேட்டேளா? அப்பவும் அதே கதைதான்" என்றார். பெட்டியில் கோளாறு இல்லை. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதை ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் துடைத்துவிடுகிறது. தம்புராவின் பெருமையே மாறாமல் ஒலிப்பது. அதுவே அங்கே அதற்கு எதிரியாகிவிட்டது. ஜூமில் இசைக்காரர்களுக்கென்று ஒரிஜினல் சவுண்ட் என்றொரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டதும் சுருதி போய்ச் சேர்ந்தது. அந்த அமைப்பில் இரைச்சல் நீக்கம் விலகிக்கொள்வதால் அறையின் குறையெல்லாம் அப்படியே வெளியே தெரியும். ஆக, அங்கேயும் கடைசியில் ஒரு ஜமக்காளம், ஒரு திரை என்றுதான் முடிந்தது. இரைச்சல் நீக்கத்தை மற்றவர்களும் நடுத்தரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முழு அளவில் வைத்தால் வார்த்தைகளின் கடைசி எழுத்துகளைத் தின்றுவிடும். "வரல" என்பதற்கும் "வரலாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் கடைசியில்தானே இருக்கிறது!

நம்மூர்ச் சிக்கல்கள் இன்னும் இரண்டு. ஒன்று ஃபேன். நேர் கீழே உட்கார்ந்தால் காற்று மைக்கில் மோதிப் புஸ் புஸ்ஸென்று அடிக்கும். மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளுங்கள், மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். பழைய ரெகுலேட்டரில் குறைந்த வேகத்தில் ஃபேன் உறுமுகிறதென்றால் பிஎல்டிசி ஃபேன் மாற்றுவது நல்ல முதலீடு, கரண்ட் பில்லும் குறையும். மற்றொன்று கரண்ட். தனி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வருவது பெரும்பாலும் எர்த் சரியில்லாததால். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் விறுவிறுக்கிறதா? எர்த் இல்லாத ரெண்டு பின் சார்ஜரோ எலக்ட்ரீஷியன் விட்டுப்போன எர்த் வயரோ காரணமாக இருக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறியதும் ரீங்காரம் கூடினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அழைப்பு முக்கியமென்றால் லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு பேட்டரியில் பேசி முடியுங்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் போனில் கத்திப் பேசுவதைக் கேலி செய்கிறோம். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதக் குரல் தானாக உயரும் என்பதை எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே எழுதி வைத்தார். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காவிட்டாலும் இதுவே நடக்கும். பழைய லேண்ட்லைன் ரிசீவரில் நம் குரல் கொஞ்சமாக நம் காதுக்கே திரும்பி வரும்படி அமைத்திருந்தார்கள். காதை இறுக்கி அடைக்கிற ஹெட்செட்டுகளில் அது இல்லாதபோது ஆள் கத்த ஆரம்பிக்கிறார், மாலையில் தொண்டை கட்டிக்கொள்கிறது. ஹேண்ட்ஸ்-ஃப்ரீக்கு நான் வக்காலத்து வாங்குவதற்கு இது பெரிய காரணம். காது திறந்திருக்கிறவர் தன் குரலைத் தானே அளந்து பேசுவார். ஆசிரியர்கள், நாள் முழுக்கப் பேசும் வாடிக்கையாளர் சேவைக்காரர்கள் கொஞ்ச நாளிலேயே வித்தியாசத்தை உணர்கிறார்கள்.

ஆனால் எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே அறையில் கணவன் மனைவி இருவருக்கும் அழைப்பு இருந்தால் ஹெட்செட்தான். வேறு வழி கிடையாது. இரண்டு பேரும் ஒரே கூட்டத்தில் இருந்தால் ஒருவருடைய மைக்கும் ஸ்பீக்கரும் முழுதாக அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பந்தல் ஊளையை வீட்டிலேயே கேட்கலாம். வங்கி வேலை, மருத்துவ ஆலோசனை, ஆட்களை வேலையைவிட்டு அனுப்புகிற எச்.ஆர். வேலை பார்க்கிறவர்களும் ஸ்பீக்கரில் பேசக் கூடாது. எதிராளி தன் கஷ்டத்தை உங்களிடம்தான் சொல்கிறார். அது ஹாலில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பவருக்கும் கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அறைக் கதவு சரியாக மூடாத வீட்டில் ஸ்பீக்கர்போன் வைக்கச் சொன்னால் இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். வேலை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

நல்ல ஸ்பீக்கர்போன்களுக்கும் மட்டமானவற்றுக்கும் வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் அறை சரியான பிறகுதான் எதிர்முனைக்குக் கேட்கும். ஆகவே வாங்குவதற்கு முன் உங்கள் அறையில், வழக்கமாக வேலை பார்க்கும் நேரத்தில், ஃபேன் ஓட, வீட்டில் எல்லாரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருக்க, இப்போது இருக்கிற கருவியிலேயே இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். முகவரி ஒன்று, போன் நம்பர் ஒன்று, எழுத்தெழுத்தாக ஒரு ஈமெயில். பிறகு மெத்தையைச் சாத்தி, மேசையில் துணி விரித்து, மைக்கை முழத்துக்குள் இழுத்து வைத்து இன்னொரு முறை. இரண்டையும் உங்கள் காதால் கேட்காதீர்கள். உங்கள் பேச்சு உங்களுக்கு மனப்பாடம். அடிக்கடி உங்களோடு பேசுகிற ஒருவருக்கு அனுப்பி, முகவரியையும் நம்பரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் பிழை இல்லையென்றால் புதுக் கருவி தேவையில்லை. பிழை இருந்தால் வாங்குங்கள். திருப்பி எடுத்துக்கொள்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள், அதே பதிவை வீட்டில் எடுத்து அனுப்பிப் பதில் வரும்வரை பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.